வெளிநாட்டு ஊழியப் பயிற்சி: விளையாட்டில் ஒற்றுமை, சமையலறையில் மௌனம்

ஊவா மலைக்காரன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பண்டாரவளைக்கு அருகே ஒரு தியான இல்லத்தில், கம்போடியாவுக்குப் போகவிருக்கும் எட்டுப் பேருக்குப் பயிற்சி கொடுத்துவருகிறோம். பொறுப்பாளர்களில் நானும் ஒருவன். சிறுவர் கல்வியும் அங்குள்ள சிறிய சபைகளுக்குத் துணை நிற்பதும்தான் வேலை. இரண்டு ஆண்டுகள் ஒரே வளவுக்குள் சேர்ந்து வாழ வேண்டும்.

குழுவில் மூவர் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள். இருவர் வடக்கிலிருந்து வந்த கணவன் மனைவி. இருவர் கொழும்பு. எட்டாமவர் பதுளைப் பக்கத்துச் சிங்களச் சகோதரி. ஒவ்வொருவரின் அழைப்பிலும் எனக்குச் சந்தேகம் இல்லை. ஜெபத்தில் ஒருமனமாக இருக்கிறார்கள். பாட்டு என்றால் வீடே அதிர்கிறது.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. கூட்டம் நடத்தினால் நான்கு பேர் மட்டுமே பேசுகிறார்கள். தோட்டத்துப் பிள்ளைகள் மூவரும் "சரி" என்கிறார்கள், அல்லது தலையாட்டுகிறார்கள். சிங்களச் சகோதரிக்குத் தமிழ் ஓரளவு விளங்கும். வேகமாகப் பேசினால் விளங்காது. அவருக்கு மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டும் என்ற நினைவு மற்றவர்களுக்கு வருவதே இல்லை. காலை ஐந்து மணிக்கு எழுந்து அடுப்பு மூட்டுவது எப்போதும் அந்தத் தோட்டத்துப் பிள்ளைகளில் ஒருவரான மஸ்கெலியாத் தங்கைதான். கால அட்டவணையில் எல்லோர் பெயரும் இருக்கிறது. அடுப்படியில் அவர் மட்டும் இருக்கிறார். கேட்டால், "பழக்கம்தானே அண்ணா" என்கிறார்.

குழுவை ஒன்றாக்கக் கண்ணைக் கட்டி நடத்துவது, கயிற்றுப் பாலம், ஒரே பலகையில் எட்டுப் பேரும் நிற்பது எல்லாவற்றையும் செய்துபார்த்தோம். அன்றைக்கு மகிழ்ச்சியாகவே இருக்கிறது. மறுநாள் காலையில் அடுப்படியில் மறுபடியும் அதே தங்கை. தம்பேதன்னத் தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து லிப்டன் சீட் என்ற மலையுச்சிக்கு ஏழு கிலோமீற்றர் ஏறினோம். மற்றவர்களின் பைகளையும் சேர்த்துச் சுமந்துகொண்டு தோட்டத்துப் பிள்ளைகள் முதலில் மேலே போய்விட்டார்கள். சுமக்கும்படி ஒருவரும் சொல்லவில்லை. பைகளைக் கொடுத்தவர்களும் யோசிக்கவில்லை. அனுப்பும் சபைக்குப் போன அறிக்கையில் "ஒரே குடும்பமாக ஏறினோம்" என்று இருந்தது. அந்த வரியைப் படித்தது முதல் எனக்கு மனம் ஆறவில்லை.

பயணத்தைத் தள்ளிப்போடுவதா, குழுவை மாற்றி அமைப்பதா, இன்னும் கடினமான பயிற்சிகள் கொடுப்பதா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

மலையேறி எழுதியது:

நுவரெலியாப் பக்கத்தில் வெளிக்களப் பயிற்சி நடத்துபவன் நான். விளையாட்டுகளை அவசரப்பட்டுத் தள்ளிவிடாதீர்கள். ஏறியது பயிற்சியில் பாதி. இறங்கிய பின் உட்கார்ந்து பேசுவதுதான் மீதிப் பாதி. பெரும்பாலான குழுக்கள் அந்த நேரத்தில் தேநீரைக் குடித்துவிட்டு வான் வண்டியில் ஏறிவிடுகின்றன.

அன்று லிப்டன் சீட்டிலேயே எல்லோரையும் வட்டமாக உட்காரவைத்து, "யார் யாருடைய பை யாரிடம் இருக்கிறது?" என்று கேட்டிருக்கலாம். குற்றம் சாட்டும் குரல் வேண்டாம். பைகளை நடுவில் வைத்தாலே போதும், பேச்சு தானாக வரும்.

புரூஸ் டக்மன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1965இல் குழுக்களின் வளர்ச்சியை நான்கு கட்டங்களாகப் பிரித்தார்: கூடுதல், மோதல், ஒழுங்குபடல், செயற்படல். உங்கள் குழு முதற் கட்டத்திலேயே நிற்கிறது. எல்லோரும் மரியாதையாக இருக்கிறார்கள், ஒருவரும் மோதவில்லை. அதை ஒற்றுமை என்று எண்ணிவிடாதீர்கள். மோதல் வரத்தான் போகிறது. பண்டாரவளையில் வந்தால் நீங்கள் பக்கத்தில் இருப்பீர்கள். அங்கே போய் வந்தால் யார் இருப்பார்?

நிரை எழுதியது:

ஊவா அண்ணாவுக்கு. நான் டிக்கோயாப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள். இப்போது பாடசாலையில் கற்பிக்கிறேன். அந்த மூவரும் ஏன் பேசுவதில்லை என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன்.

எங்கள் அம்மாக்கள் விடியலில் பிரட்டுக்களத்தில், அதாவது வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்தில், நிற்பார்கள். யாருக்கு எந்த மலை, எந்த நிரை என்பதை வேலையை மேற்பார்க்கும் கங்காணி சொல்வார். நிரை கெட்டுக்கிடந்தாலும் அதிலேதான் கொழுந்து எடுக்க வேண்டும். சொல்லப்பட்ட கிலோவுக்குக் குறைந்தால் அரைப்பேர். நாள் முழுக்க நின்றும் பாதிச் சம்பளம். எதிர்த்துப் பேசியவளுக்கு மறுநாள் எந்த நிரை கிடைக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு, முன்னால் நின்று ஒருவர் சொல்ல மற்றவர்கள் கேட்கும் இடமெல்லாம் பிரட்டுக்களமாகத்தான் தெரியும். அந்தத் தங்கை சொல்லும் "சரி"யில் சம்மதம் இருக்கிறது என்று எண்ண வேண்டாம். தப்பித்துக்கொள்ளும் வழி அது.

இன்னொன்றும் இருக்கிறது. தோட்டத்துப் பிள்ளை நகரத்துப் பாடசாலைக்குப் போகும் முதல் நாளே தன் பேச்சுக்காகக் கேலி கேட்டிருக்கும். "தோட்டக்காட்டான்" என்ற சொல்லை எங்களில் கேளாதவர் இல்லை. சபைக்குள்ளும் கேட்டிருக்கிறோம். உங்கள் குழுவில் அதை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், நம்புகிறேன். ஆனால் அந்த மூவரும் அதை எதிர்பார்த்தபடிதான் வாய் திறக்கிறார்கள்.

பணத்தைப் பற்றி நீங்கள் எழுதவே இல்லை. ஆதரவுத் தொகையை ஒவ்வொருவரும் தாங்களே திரட்ட வேண்டுமா? கொழும்புச் சகோதரர்களுக்குச் சபையும் உறவும் நண்பர்களும் கொடுப்பார்கள். தோட்டத்துப் பிள்ளை யாரிடம் கேட்பது? 2021இல்தான் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய்க்கு வந்தது. அந்த வீடுகளில் மூத்த பெண் வெளிநாடு போகிறாள் என்றால் பணம் வரும் என்று அர்த்தம். மத்திய கிழக்குக்குப் போன அத்தைகளையும் சித்திகளையும் பார்த்து வளர்ந்த ஊர் அது. இவள் மட்டும் வெளிநாடு போய்ப் பணம் அனுப்பமாட்டாள் என்பதை அம்மாவிடம் எப்படிச் சொல்வாள்? அந்தப் பாரம் நெஞ்சில் இருக்கும்போது கயிற்றுப் பாலம் எதைச் சரிசெய்யும்?

குழுவை மாற்ற வேண்டாம். மாற்றினால் போவது யார் என்று எங்களுக்குத் தெரியும்.

வடமராட்சி எழுதியது:

நிரை சகோதரி எழுதியதை இரண்டு முறை வாசித்தேன். மறுக்க ஒன்றும் இல்லை. வடக்கிலே எங்கள் பெரியவர்கள் மலையகத்தாரைப் பற்றிப் பேசிய விதம் எனக்குத் தெரியும். 1977இலும் 1983இலும் அடிபட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் வந்த மலையகக் குடும்பங்களை நாங்கள் எங்கே குடியிருத்தினோம், என்ன வேலை கொடுத்தோம் என்பதும் தெரியும்.

ஒரு வேண்டுகோள் மட்டும். அந்தக் கணவனும் மனைவியும் அதிகம் பேசுகிறார்கள் என்பதால் அவர்களை அகங்காரிகள் என்று முடிவுகட்ட வேண்டாம். எங்கள் வீடுகளில் வாதாடுவதுதான் பாசம். மேசையில் மௌனம் விழுந்தால் யாருக்கோ கோபம் என்று பொருள் கொள்வோம். அந்த மௌனத்தை நிரப்ப இன்னும் பேசுவோம். அவர்கள் பேசப் பேசத் தோட்டத்துப் பிள்ளைகள் ஒடுங்குகிறார்கள். ஒடுங்க ஒடுங்க இவர்கள் இன்னும் பேசுகிறார்கள். இரு பக்கத்துக்கும் இதை ஒருவர் எடுத்துச் சொன்னாலே பாதிச் சிக்கல் தளரும். சொல்ல வேண்டியவர் நீங்கள்தான், ஊவா அண்ணா. பிள்ளைகளின் தலையில் அதைக் கட்டாதீர்கள்.

ஓய்வுபெற்ற போதகர் எழுதியது:

அன்புப் பிள்ளைகளே, உங்கள் எழுத்தைக் கண்டு நெகிழ்ந்தேன். தலவாக்கலையில் பனிமூட்டம், கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து எழுதுகிறேன்.

அப்போஸ்தலர் ஆறாம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். ஆதிச் சபையில் எழுந்த முறுமுறுப்பு சாப்பாட்டைப் பற்றியது. கிரேக்க மொழி பேசிய விதவைகள் அன்றாடப் பந்தியில் கவனிக்கப்படவில்லை. அப்போஸ்தலர்கள் அதற்காக ஐக்கியத்தைப் பற்றி ஒரு பிரசங்கம் செய்து அனுப்பிவிடவில்லை. ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள். அந்த ஏழு பெயர்களையும் வாசியுங்கள்: ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. அத்தனையும் கிரேக்கப் பெயர்கள். முறையிட்ட பக்கத்தாரின் கையிலேயே பந்தியின் பொறுப்பு போய்ச் சேர்ந்தது என்றுதான் நான் வாசிக்கிறேன். அதற்கு அடுத்த செய்தியாக அங்கே எழுதியிருப்பது, தேவவசனம் விருத்தியடைந்தது என்பது.

நம் நாட்டு வரலாற்றிலிருந்தும் ஒன்று சொல்கிறேன். மெதடிஸ்த மிஷனரிகள் 1814 ஜூன் 29இல் காலியில் இறங்கினார்கள். அவர்களை அழைத்துவந்த தோமஸ் கோக் மே மாதத்திலேயே இந்து சமுத்திரத்தில் கப்பலிலேயே இறந்துபோனார். திட்டம், செல்வாக்கு, அனுபவம் எல்லாம் அவரிடம்தான் இருந்தன. எஞ்சியவர்கள் இளைஞர்கள். காலியில் இறங்கிய ஐவரும் கூடி முடிவுசெய்து பிரிந்தார்கள்: லிஞ்சும் ஸ்குவான்ஸும் யாழ்ப்பாணம், ஓல்ட் மட்டக்களப்பு, எர்ஸ்கின் மாத்தறை, க்ளஃப் காலி. ஓல்ட் 1815இலேயே மட்டக்களப்பில் காலமானார்.

தலைவர் இல்லாத நாளில் இந்த எட்டுப் பேரும் என்ன செய்வார்கள்? இப்போதைக்கு நால்வர் பேசுவார்கள், மூவர் தலையாட்டுவார்கள், ஒருவருக்கு விளங்காது. ஆகவே என் ஆலோசனை இது, மகனே: ஒரு வாரம் நீங்கள் அந்த வீட்டிலிருந்து வெளியே போங்கள். பொறுப்பை அந்த மூவரில் ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். வீட்டுத் திறப்பும் பணமும் சேர்த்துக் கொடுங்கள். பெயருக்குக் கொடுப்பது கூடாது.

மீகோங் கரை எழுதியது:

கம்போடியாவில் சில ஆண்டுகள் குடும்பமாக இருந்துவிட்டு இப்போது ஹட்டனுக்குத் திரும்பியிருக்கிறேன். போதகர் ஐயா சொன்னதோடு அங்குள்ள நடைமுறையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அங்கே குழுக்களை உடைப்பது உபதேச வேறுபாடு அல்ல. மின்சாரக் கட்டணம், மோட்டார் சைக்கிளை யார் எடுப்பது, ஏப்ரல் வெயிலில் மின்விசிறி யாருடைய அறையில் இருப்பது, தாய்ச்சபைக்கு யார் எழுதுவது, படத்தில் யார் முகம் வருவது என்பவைதான். நான் பார்த்த ஒரு குழு, செய்திமடலில் ஒரே சகோதரரின் பெயர் மீண்டும் மீண்டும் வந்ததால் பேச்சு நின்று பிரிந்தது. அதே சகோதரர்தான் படம் எடுத்தவர், எழுதியவர், அனுப்பியவர். மற்றவர்கள் அவரிடம் நேரே கேட்கவில்லை. ஊருக்குத் தொலைபேசியில் சொன்னார்கள். ஊரிலிருந்து அவருக்குத் திரும்பி வந்தது. அப்படி வந்த பிறகு எந்த ஜெபக்கூட்டமும் அதை ஒட்டவைக்கவில்லை. அறிக்கை எழுதும் முறையைப் பண்டாரவளையிலேயே தொடங்குங்கள். எழுதியதை அனுப்பும் முன் எட்டுப் பேருக்கும் வாசித்துக் காட்ட வேண்டும். "ஒரே குடும்பமாக ஏறினோம்" என்ற வரியை மஸ்கெலியாத் தங்கை முன்னால் வாசித்திருந்தால் அது அப்படியே போயிருக்காது.

அடுத்தது, சத்தம். கம்போடியாவின் கெமர் மக்கள், பலர் முன்னிலையில் குரலை உயர்த்துவதைப் பெரும் அவமானமாக எண்ணுவார்கள். 1975 முதல் 1979 வரை கெமர் ரூஜ் ஆட்சியில் குடும்பங்கள் பிரிக்கப்பட்டு, அயலவரை அயலவரே காட்டிக்கொடுத்த காலத்தைக் கண்ட முதியவர்கள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள். நம்மவர்கள் பாசத்தோடு வாதாடுவது வேலிக்கு அப்பால் சண்டையாகத்தான் கேட்கும். வடமராட்சித் தம்பி சொன்னதை மதிக்கிறேன். ஆனால் அந்தத் தம்பதியர் அங்கே பேச்சின் அளவைக் குறைக்கத்தான் வேண்டும். தோட்டத்துப் பிள்ளைகளின் அடக்கமான நடை அங்கே மரியாதையாகக் கொள்ளப்படும். இங்கே பலவீனமாகத் தெரிவது அங்கே வரமாகும்.

சிங்களச் சகோதரியை நீங்கள் இன்னும் கண்டுகொள்ளவே இல்லை என்று நினைக்கிறேன். கம்போடியா தேரவாத பௌத்த நாடு. பிக்குவின் முன் எப்படி அமர்வது, போயா தினத்தில் ஊர் எப்படி நடக்கும், தானம் கொடுப்பதன் அர்த்தம் என்ன என்பதெல்லாம் அவர் பிறந்த ஊரிலிருந்தே அறிந்திருப்பார். உங்கள் எட்டுப் பேரில் அந்த நாட்டுக்கு மிக நெருக்கமானவர் அவர். அவருக்குத்தான் கூட்டத்தில் மொழிபெயர்ப்பு இல்லை.

மொழி வகுப்பை இப்போதே தொடங்குங்கள். கெமர் எழுத்து பல்லவ எழுத்திலிருந்து பிறந்தது. மெய்யெழுத்துக்குக் கீழே இன்னொரு மெய் தொங்கும். பார்த்தவுடன் மலைப்பாக இருக்கும், ஆனால் அகர ஒலி மெய்யோடு ஒட்டி வரும் முறை நமக்குப் பழகியதுதான். தாய்லாந்து மொழிபோல ஒலி ஏற்ற இறக்கம் அர்த்தத்தை மாற்றுவதில்லை. முக்கியமான செய்தி இது: ஆங்கிலத்தில் நன்றாகத் தேறியவர்களைவிட, சந்தையில் நின்று காதால் சிங்களம் பிடித்த பிள்ளைகள் கெமரை வேகமாகப் பிடிப்பார்கள். அங்கே இதைக் கண்ணால் கண்டேன். எட்டுப் பேருக்கும் தெரியாத ஒரு மொழி நடுவே வந்தால், குழுவில் யார் முன்னே, யார் பின்னே என்பது கலைந்துவிடும்.

கண்டி வாசி எழுதியது:

நான் கத்தோலிக்கன்; இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். மலைநாட்டுக்கு வெளிநாட்டு மிஷனரியாக வந்தவர் புனித யோசேப் வாஸ். கோவாவிலிருந்து 1687இல் யாழ்ப்பாணம் வந்து, 1692இல் கண்டியில் உளவாளி என்று சிறைவைக்கப்பட்டார். பல ஆண்டுகள் உடன் குருக்கள் இல்லாமல் தனியாகவே உழைத்தார். 1697இல் கண்டியில் அம்மை நோய் பரவியபோது அவரும் பின்னர் வந்து சேர்ந்த கார்வாலோ அடிகளும் நோயாளிகளைத் தூக்கிக் கழுவிப் பராமரித்தார்கள். அவர்களைச் சேர்த்துவைத்த வேலை அது. உங்கள் எட்டுப் பேருக்கும் சேர்ந்து செய்ய உண்மையான வேலை ஏதாவது இருக்கிறதா? பயிற்சி வேலையைச் சொல்லவில்லை. மற்றொருவருக்குத் தேவையான வேலை.

ஊவா மலைக்காரன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பதில் எழுதத் தாமதித்ததற்குக் காரணம், நீங்கள் சொன்னவற்றைச் செய்துபார்த்துக்கொண்டிருந்தோம்.

போதகர் ஐயா சொன்னபடி வீட்டைவிட்டு வெளியே போனேன். அந்த மூவரில் ஒருவரான லிந்துலைத் தம்பியிடம் திறப்பும் அந்த வாரத்துப் பணமும் கொடுத்தேன். முதல் இரண்டு நாட்களும் கொழும்புச் சகோதரர் ஒவ்வொரு மாலையும் எனக்குத் தொலைபேசியில் முறையிட்டார்: சந்தையில் மீன் வாங்கவில்லை, பருப்பும் ரொட்டியும் கட்டைச் சம்பலும் மட்டும்தான் என்று. "தம்பியிடம் சொல்லுங்கள்" என்று மட்டும் சொன்னேன். மூன்றாம் நாள் தம்பியிடமே போய்ச் சொல்லியிருக்கிறார். தம்பி கணக்குப் புத்தகத்தை விரித்துக் காட்டியிருக்கிறார். அதற்குப் பிறகு இருவரும் ஒன்றாகப் பதுளைச் சந்தைக்குப் போயிருக்கிறார்கள். பெரிய அற்புதம் ஒன்றும் நடந்துவிடவில்லை. ஆனால் அந்த இருவரும் நேருக்கு நேர் பேசியது அதுதான் முதல் முறை.

கண்டி சகோதரர் கேட்ட உண்மையான வேலையும் கிடைத்தது. மழையில் பக்கத்துத் தோட்டத்து லயனில், தொழிலாளர் வரிசை வீடுகளில், கூரைத் தகரம் பறந்துவிட்டது. எட்டுப் பேரும் போனார்கள். அங்கே பேச்சை நடத்தியவர்கள் மஸ்கெலியாத் தங்கையும் சிங்களச் சகோதரியும். தங்கை லயனில் பேசினார். சகோதரி கிராம அலுவலரிடம் பேசினார். வடக்குத் தம்பதியர் தகரம் பிடித்தார்கள், பேசவில்லை. இரவில் அந்த அண்ணன் தானாகவே, தன் தந்தை மலையகக் கூலியாட்களை நடத்திய விதத்தைச் சொல்லி அழுதார். தங்கை எழுந்து போய் அவருக்குத் தேநீர் ஊற்றப் பார்த்தார். அவர் மனைவி கையைப் பிடித்து உட்காரவைத்துவிட்டுத் தானே ஊற்றினார்.

ஆனால் காலை அடுப்பு இன்னும் தீரவில்லை. அட்டவணைப்படி இப்போது எல்லோரும் எழுகிறார்கள். தங்கை அதற்கும் முன்னே எழுந்து விறகை அடுக்கிவைத்துவிடுகிறார். தடுத்தால் முகம் வாடுகிறது. பணப் பிரச்சினையும் அப்படியே இருக்கிறது. நிரை தங்கச்சி சொன்னது உண்மை. மூவரின் ஆதரவுத் தொகையும் பாதிக்குமேல் போகவில்லை. மற்றவர்களுக்கு மிஞ்சிக் கிடக்கிறது. பொதுப் பணப்பை வைக்கலாம் என்றால், கொடுத்த சபைகள் "நாங்கள் எங்கள் பிள்ளைக்குத்தான் கொடுத்தோம்" என்கின்றன.

நிரை எழுதியது:

விறகை விட்டுவிடுங்கள் அண்ணா. விடியலில் அந்த ஒரு மணி நேரம் அவளுக்குத் தனியாகக் கிடைக்கும் நேரமாக இருக்கலாம். லயனில் எட்டுப் பேர் ஒரே அறையில் படுத்து வளர்ந்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். அவளிடமே கேளுங்கள். பதில் "சரி" என்று வந்தால் இன்னொரு நாள் மறுபடியும் கேளுங்கள்.

அவள் அம்மாவை யார் போய்ப் பார்க்கப்போகிறீர்கள்? மஸ்கெலியாவுக்கு பஸ் ஏறிப் போங்கள். மகள் பணம் அனுப்பமாட்டாள் என்பதை அம்மாவுக்கு நீங்கள் சொல்ல வேண்டும், அவள் அல்ல. வெறுங்கையோடு போகவேண்டாம். அந்த வீட்டுக்கு மாதம் ஒரு சிறு தொகையாவது சபை கொடுக்குமா என்று கேட்டு முடிவுசெய்துகொண்டு போங்கள்.

மீகோங் கரை எழுதியது:

பணப்பை பற்றி: சபைகளிடம் "பொது" என்ற சொல்லை எடுத்தால் பயப்படுவார்கள். வீட்டு வாடகை, உணவு, மின்சாரம், மொழி வகுப்பு, மருத்துவக் காப்புறுதி, விசா ஆகியவற்றை மட்டும் எடுத்து, எட்டுப் பேருக்கும் சேர்த்து ஒரே வரவு செலவுத் திட்டமாக எழுதுங்கள். சபைகள் அந்தத் திட்டத்துக்குக் கொடுக்கட்டும். ஒவ்வொருவரின் கைச்செலவு மட்டும் தனியாக இருக்கட்டும். அதிலும் ஒரு மேல் எல்லை வையுங்கள், அது எட்டுப் பேருக்கும் ஒன்றாக இருக்கட்டும். அங்கே டொலரும் ரியெலும் ஒரே கடையில் புழங்குவதால் கணக்கு சீக்கிரம் குழம்பும். ஆகவே இரு நாணயத்துக்கும் தனித்தனிப் பக்கம் வேண்டும், கையொப்பம் இருவருடையது வேண்டும். அந்த இருவரும் ஒரே ஊரைச் சேர்ந்தவர்களாக இருக்கக்கூடாது.

லிந்துலைத் தம்பி கணக்குப் புத்தகம் வைத்திருந்தார் என்று எழுதினீர்கள். முதல் கையொப்பம் அவருடையதாக இருக்கட்டும். இரண்டாவதைச் சிங்களச் சகோதரியிடம் கேளுங்கள். திட்டத்தை எழுதி முடித்ததும் எனக்கு அனுப்புங்கள். விலைவாசியைப் பார்த்துத் திருத்தித் தருகிறேன்.